ஐந்தாம் அறைக்கு மட்டும்

நவம்பர் 19, காலை 8.15

ஆழி நிலையம், மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே, கடல்தரை. பதிவு எழுதுபவர் பெனினா சாமுவேல், கட்டுப்பாட்டு மென்பொருள் பொறியாளர்.

மேலே மிதவையிலிருந்து கேபிள் வழியாக மின்சாரம் சீராக வருகிறது. ஆக்சிஜன் தயாரிப்பு இயல்பு. அவசரத் தொட்டி நிறைவு. காற்று லூப் தடங்கலின்றி ஓடுகிறது.

பின்னால் இதைப் படிப்பவருக்காக லூப் பற்றி ஒரு விளக்கம். நிலையத்தில் ஆறு அறைகள். ஒரே தொட்டியிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு குழாய், ஒரு வால்வு. எந்த அறைக்கு எவ்வளவு என்பதை ஒரு வலைப்பக்கம் தீர்மானிக்கிறது. கரையிலிருந்தும் பிரவுசரில் பார்க்கலாம் என்பதற்காக இப்படிக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்துக்குள் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு ஃபார் லூப், அதாவது எண் வரிசைப்படி சுற்றிவரும் நிரல். ஒன்றாம் அறையில் தொடங்கும், அளவுமானியைப் படிக்கும், ஆக்சிஜன் குறைந்திருந்தால் வால்வைத் திறந்து வேண்டியதைக் கொடுத்து மூடும், அடுத்த அறைக்குப் போகும். ஆறும் முடிந்ததும் யாராவது நிரலை மாற்றிச் சேமித்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்க்கும். மறுபடி ஒன்று.

என்னோடு இருப்பவர் முனைவர் திருமலைச்சாமி. நிலையத் தலைவர், கடலுயிர் ஆய்வாளர், பொள்ளாச்சிக்காரர். இரண்டாம் அறை அவருடைய ஆய்வுக்கூடம். மூன்றாம் அறையில் அவர் வளர்க்கும் குழாய்ப் புழுக்களின் தொட்டிகள். நான் ஐந்தாம் அறையில். பேச்சு நின்று ஒரு வாரம் ஆகிறது. புழுக்களுக்கு வரம்பில்லாமல் காற்று விடச் சொன்னார்; மறுத்தேன். என்னைத் திருப்பி அழைத்துக்கொள்ளும்படி கரைக்கு எழுதிவிட்டார். அவரவர் அறையில் சாப்பிடுகிறோம்.

வேறு விசேஷம் இல்லை.

நவம்பர் 20, மாலை 4.40

புயல். மிதவை பிய்த்துக்கொண்டு போனது. போகும்போது கேபிளை இழுத்த இழுப்பில் நிலையமே ஒரு பக்கம் தூக்கிப் போட்டது. நடைவழியின் கூரையில் விரிசல். கதவுகள் தாமாக அடைத்துக்கொண்டன. நடைவழி முழுக்கக் கடல்.

நான் ஐந்தில். அவர் இரண்டில், மூன்றாம் அறைக்குப் போக உள்கதவு உண்டு. வலைப்பக்கம் ஓடும் கணினி நான்காம் அறையில், யாரும் நெருங்க முடியாது. ஆனால் உள்வலை பிழைத்திருக்கிறது. இருவரும் அவரவர் திரையில் நிரலைத் திறக்க முடிகிறது. அறைகளுக்கு இடையிலான தொலைபேசி செத்துவிட்டது. முதன்மை மின்பொத்தான் என் அறையில். பேட்டரி போதுமானது.

ஆக்சிஜன் இனித் தயாராகாது. அவசரத் தொட்டியில் இருப்பதுதான்.

கரையோடு ஒலியலைத் தொடர்பு மட்டும் இருக்கிறது. சில வரிகள் போகும், வரும். அனுப்பும் கருவி என் அறையில். வருவது இருவர் திரையிலும் விழும்.

கரை, இயக்கப் பிரிவு லூர்து: "பெனினாக்கா, ரெண்டு பேரும் உசுரோட இருக்கியளா? புயலு இங்கனதான் சுத்திக்கிட்டு நிக்கி. கப்பல எடுக்க விடமாட்டேங்காவ. காத்தப் பாத்துச் செலவழிங்க, எப்படியும் வந்துருதோம்."

கணக்குப் போட்டேன். இரண்டு மனிதருக்கு, கப்பல் வரும்வரை போதும். புழுக்களையும் சேர்த்தால் போதாது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாம் அறை எங்கள் இருவரையும்விட அதிகமாக இழுக்கிறது.

நவம்பர் 20, மாலை 6.05

திருமலைச்சாமியிடம் பேச ஒரே வழி நிரல்தான். இரண்டு சாய்கோடு போட்டு எழுதினால் கணினி அந்த வரியைக் கண்டுகொள்ளாது, மனிதர் படிக்கலாம். லூப்பின் தலையில் எழுதினேன்:

"// சார், மூணாவது ரூம் காத்த நிறுத்தணும். புழு செத்தா வேற புடிச்சுக்கிடலாம். கணக்கு கீழ இருக்கு, பாருங்க."

அவரும் நிரல் எழுதத் தெரிந்தவர்தான், ஆய்வுத் தரவுகளுக்குத் தானே எழுதிக்கொள்வார். பதில் உடனே வந்தது:

"// வேற புடிக்கறதா? நாலு வருசமாச்சு அம்முணி இதுகளப் புடிக்க. உன்ற கணக்கு எனக்கு வேண்டாம். இங்க தலைவர் நானு. லூப்புல கை வெச்சீன்னா நடக்கறதே வேற."

நவம்பர் 21, காலை 7.30

கை வைத்தேன்.

மூன்றாம் அறை வந்தால் கன்டினியூ. அதாவது, இந்த அறையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. ஒரே வரி. லூப் ஒன்று, இரண்டு, நான்கு என்று ஓடுகிறது. தொட்டி இறங்கும் வேகம் பாதிக்கும் குறைவாகிவிட்டது.

அவர் மாலைக்குள் கண்டுபிடிப்பார். பிடிக்கட்டும்.

நவம்பர் 21, பிற்பகல் 3.50

தலைவலியோடு விழித்தேன். வாய் வறண்டிருந்தது, விரல் நுனிகள் மரத்திருந்தன. ஐந்தாம் அறையின் அளவு சிவப்பில். வால்வு மதியத்திலிருந்து திறக்கவே இல்லை.

நிரலைத் திறந்தேன். என் கன்டினியூ இல்லை. அதன் இடத்தில், மூன்றாம் அறை முடிந்ததும், பிரேக். கன்டினியூ ஒரு அறையைத்தான் தாண்டும். பிரேக் லூப்பையே விட்டு வெளியே வந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று, வெளியே. மறுபடி ஒன்று. ஐந்தாம் அறை என்று ஒன்று இருப்பதே லூப்புக்குத் தெரியாது.

பிரேக்குக்கு மேலே அவருடைய எழுத்து:

"// மொதத் தொட்டி பூராம் செத்து மெதக்குது. காத்தில்லாம கெடந்தா எப்படி இருக்கும்னு உனக்கும் தெரியோணுமல்ல? தெரிஞ்சுக்க."

வரியை அழித்தேன். சுற்று முடிந்து என் வால்வு திறக்கும்வரை தரையில் படுத்துக் கிடந்தேன்.

நான் ஒரு புழுத்தொட்டியைக் கொன்றேன். அவர் என்னைக் கொல்லப் பார்த்தார். இரண்டும் ஒன்றா?

கரைக்கு அனுப்பினேன்: "தலைவர் என் அறைக்குக் காற்றை நிறுத்தினார். தலையிடவும்."

பதில் லூர்துவிடமிருந்து வரவில்லை. இயக்குநர் பத்மநாபனிடமிருந்து: "கேபிள் இல்லாததால் இங்கிருந்து நிரலை அணுக இயலாது. இருவரும் சுமுகமாகப் பேசித் தீர்க்கவும். மாதிரிகளைக் காக்க எல்லா முயற்சியும் எடுக்கவும்."

மாதிரிகள் என்றால் புழுக்கள். அதை அவரும் தன் திரையில் படித்திருப்பார்.

நவம்பர் 22, காலை 9.00

நேற்று மாலையிலிருந்து இருவரும் மாற்றி மாற்றிச் சேமித்துக்கொண்டிருக்கிறோம்.

லூப் ஆறிலிருந்து கீழே இறங்கும்படி திருப்பினேன். ஐந்து முன்னால் வந்துவிடும். அவர் தொடங்கும் எண்ணை நான்காக்கினார். நான் ஆறாக்கினேன். எதுவரை ஓட வேண்டும் என்ற நிபந்தனையில் அவர் கை வைத்தார், அவசரத்தில் குறியைத் தலைகீழாகப் போட்டுவிட்டார். லூப் நுழைவதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஒரு அறைக்கும் காற்று போகவில்லை, அவருக்கும்கூட. அரைமணி நேரம் இருவரும் திணறிய பிறகு அவரே திருத்தினார். என் அறையையும் சேர்த்துத் திருத்தினாரா? இல்லை.

"// தலைவருன்னு சொல்லிக்கிறீரே, ஒரு குறி ஒழுங்காப் போடத் தெரியல. உம்ம கையால ரெண்டு பேரும் சாவப் போறோம்."

"// மரியாத கொறையுது அம்முணி."

"// மரியாதைய உம்ம புழுகிட்ட போயி கேளும்."

இது நேற்று. இன்று நானும் அவரும் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டோம். எண்களை மட்டும் மாற்றுகிறோம்.

நவம்பர் 22, பிற்பகல் 2.20

அவர் எழுதியது:

"// செரி, போதும். எனக்கும் முடியல. பழைய லூப்பே ஓடட்டும், மூணாவது ரூமுக்குப் பாதி காத்து. நாம ரெண்டு பேரும் கொஞ்சம் படுத்துத் தூங்கலாம். நான் தொட மாட்டேன், நீயும் தொடாத."

வரிவரியாகப் பார்த்தேன். சரியாகவே இருந்தது.

"// சரி சார்" என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

நவம்பர் 22, மாலை 5.35

பிரேக். அதே இடத்தில்.

இந்த முறை அதற்கு மேலே எதுவும் எழுதவில்லை. நான் எழுந்திருக்க மாட்டேன் என்று நினைத்திருப்பார். வாந்தி எடுத்தேன். ஒரு வரியை அழிக்க நான்கு முறை முயல வேண்டியிருந்தது.

இனி சார் இல்லை.

நவம்பர் 23, காலை 10.10

காலையில் தொட்டி இருப்பைக் கரைக்கு அனுப்பியிருந்தேன். கரை, இயக்குநர்: "புயல் மீண்டும் கடலுக்குள் திரும்பியுள்ளது. கப்பல் புறப்பாடு தள்ளிவைப்பு. தற்போதைய செலவு வேகத்தில் தொட்டி இருப்பு ஒருவருக்கே போதுமானது. மாதிரிகளின் நிலையைத் தெரிவிக்கவும்."

எங்கள் சண்டையில்தான் இருப்பு இப்படி இறங்கியது. வால்வு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் நடைவழி உடைந்தபோது காற்றுக் குழாயிலும் விழுந்த விரிசல் வழியாகக் கொஞ்சம் கடலுக்குப் போகிறது. நேற்று மட்டும் எத்தனை முறை திறந்து மூட வைத்தோம்.

ஒருவருக்கே போதும். இதையும் அவர் படித்துவிட்டார். திரையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னைப் போலவே இந்த வரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பின்னாலேயே லூர்துவின் வரி ஒன்று வந்தது: "யக்கா, அவரு சொல்லுததக் கேக்காதிய. ரெண்டு பேரும் கெடையில அசையாமப் படுத்துக் கெடந்தா இழுத்துப் புடிச்சிரலாம். நான் கணக்குப் பாத்துட்டேன். சண்ட போடாதிய."

அசையாமல் படுப்பதற்கு இருவரும் இருவரையும் நம்ப வேண்டும்.

நவம்பர் 23, காலை 11.25

ஒரு வழி இருக்கிறது.

இத்தனை நேரம் நாங்கள் ஃபார் லூப்புக்குள் அடித்துக்கொண்டோம். அது முடிகிற லூப். முடிந்ததும் புதிய நிரல் இருக்கிறதா என்று பார்க்கிறது. அதனால்தான் ஒருவர் எழுதியதை மற்றவர் மாற்ற முடிகிறது.

முடியாத லூப் அப்படியல்ல. ஒரு வைல் லூப், நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை சுற்றுவது. நிபந்தனை எப்போதும் உண்மை. உள்ளே பிரேக் கிடையாது. அது தன் கடைசி வரிக்கு அடுத்த வரிக்குப் போகவே போகாது. புதிய நிரலைத் தேடும் வரி அதற்குக் கீழே இருக்கிறது. பக்கம் உறைந்துவிடும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கேட்காது. படிக்கிற காலத்தில் இதைத் தவறுதலாகச் செய்யாதவர் கிடையாது. பிரவுசர் உறைந்துபோய் ஆசிரியரிடம் திட்டு வாங்குவோம்.

எழுதினேன். உண்மையாக இருக்கும்வரை: ஐந்தாம் அறையைப் பார், குறைந்திருந்தால் கொடு.

வேறு அறை இல்லை.

நவம்பர் 23, காலை 11.40

சேமித்தேன். பக்கம் எடுத்துக்கொண்டது. என் வால்வு திறந்தது, மூடியது. இரண்டாம் அறையின் வால்வு அசையவில்லை.

நவம்பர் 23, பிற்பகல் 1.15

அவர் சேமித்துக்கொண்டே இருக்கிறார். கோப்பு மாறுகிறது, ஓடுகிற லூப் மாறவில்லை. அவர் எழுதுவதை என்னால் படிக்க முடிகிறது.

"// அம்முணி, என்னத்தப் பண்ணித் தொலச்ச? என்ற வால்வு தொறக்கவே மாட்டீங்குது."

"// நான் போடறது எதுவுமே ஏற மாட்டீங்குது. வேணும்னே பண்ணுனியா?"

ஆமாம். வேண்டும் என்றேதான். எழுதவில்லை. என் அறையில் காற்று நன்றாக இருக்கிறது. தலைவலி போய்விட்டது. பிஸ்கட் சாப்பிட்டேன்.

நவம்பர் 23, பிற்பகல் 3.30

"// மூணாவது ரூம நானே எடுத்துப்போட்டேன். உள்கதவையும் சாத்தியாச்சு. புழு போனாப் போகுது. ரெண்டும் அஞ்சும் மட்டுந்தான் இருக்குது, நீயே பாரு. இத ஓட்டு."

பார்த்தேன். அவர் சொன்னபடிதான் இருந்தது. இரண்டு அறைகள். கன்டினியூ இல்லை, பிரேக் இல்லை. எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பார் என்று திரும்பப் படித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

இதை ஓட்ட வேண்டுமானால் நான் முதன்மை மின்பொத்தானை அணைத்துப் போட வேண்டும். நான்காம் அறைக் கணினி மறுபடி கிளம்பும்போது கடைசியாகச் சேமித்த நிரலை எடுக்கும். அதன் பிறகு லூப் மறுபடி முடிகிற லூப். அவர் மறுபடி மாற்றலாம். நான் தூங்கினால் மாற்றுவார். நேற்றும் இப்படித்தான் "தொட மாட்டேன்" என்றார்.

நம்பவில்லை என்று எழுதுகிறேன். நம்ப விரும்பவில்லை என்பதும் உண்டு. பதிவு என்றால் அதையும் எழுதத்தான் வேண்டும்.

நவம்பர் 23, மாலை 4.45

"// பெனினா. பேர் சொல்லித்தான கூப்புடறேன். நேத்து பண்ணுனது தப்பு. பயத்துல பண்ணிப்போட்டேன். நீ பயப்படலயா?"

"// தல கிறுகிறுங்குது. எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது."

காற்றுக் குழாயில் சத்தம். இரும்பால் அடிக்கிறார். அவர் அறைக்கான குழாய் என் அறை வழியாகத்தான் போகிறது. தலையணையைக் குழாயில் கட்டினேன். சத்தம் குறையவில்லை.

கரை, லூர்து: "யக்கா, ரொம்ப நேரமா ஒண்ணுஞ் சொல்லலிய. அங்கன எல்லாம் சரியா இருக்கா?"

இதையும் அவர் படிப்பார். அவரால் பதில் அனுப்ப முடியாது. நான் அனுப்பவில்லை.

நவம்பர் 23, மாலை 5.50

அடி விட்டுவிட்டுக் கேட்கிறது. இடையில் நீண்ட இடைவெளி.

கோப்பு மறுபடி மாறியது. இந்த முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை, லூப்பைத்தான் புதிதாக எழுத முயன்றிருக்கிறார். ஏற்கெனவே சரியாக இருந்ததை அழித்துவிட்டு. அறை இரண்டு, அறை இரண்டு, அறை அஞ்சு, அறை. அதோடு நிற்கிறது. அடைப்புக்குறி மூடவில்லை.

நான்கு வருடம் புழுக்களுக்காக எழுதிய கை. ஒரு அடைப்புக்குறி மூட முடியவில்லை.

பொத்தானை அணைக்கப் போகிறேன்.

நவம்பர் 23, மாலை 6.20

அணைத்தேன். இருட்டு. கொஞ்சம் எண்ணிவிட்டு மறுபடி போட்டேன். கணினி கிளம்பியது, அவருடைய உடைந்த கோப்பை எடுத்தது, பிழை என்று சொல்லி நின்றுவிட்டது. எந்த வால்வும் திறக்கவில்லை.

திருத்தினேன். அடைப்புக்குறி. அறை இரண்டு, அறை ஐந்து. நிபந்தனை, கூட்டல், எல்லாம் சரி. என் கைதான் சரியாக இல்லை, தட்டுகிற எழுத்தெல்லாம் பக்கத்து எழுத்தாக விழுகிறது. அணை, போடு, பிழை. மறுபடி. அணை, போடு.

ஓடியது.

அறை இரண்டு: தேவை மிக அதிகம். வால்வு திறந்தது.

திறந்தது. இழுக்கிறது. அவ்வளவு காற்று இழுக்கிறது. நிரலின் தலையில் எழுதினேன்: "// திறந்துட்டேன். நல்லா மூச்ச இழுங்க. நான் இனி தொடல. சார்? படிக்க முடிஞ்சா ஒரு எழுத்து போடுங்க, போதும்."

நவம்பர் 23, மாலை 6.40

இரண்டாம் சுற்று. அறை இரண்டு: தேவை குறைவு. கொடுத்தது.

நல்லது. நிறைகிறது.

நவம்பர் 23, மாலை 6.55

மூன்றாம் சுற்று. அறை இரண்டு: தேவை பூஜ்யம்.

அறை நிறைந்துவிட்டது, அதனால் பூஜ்யம். அடுத்த சுற்றில் குறையும். மூச்சு விடுகிறவர் இருக்கும் அறையில் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் குறையத்தான் வேண்டும். அப்படித்தான் இந்த லூப்பே எழுதப்பட்டது.

நவம்பர் 23, இரவு 7.30

பூஜ்யம்.

குழாயில் நானே அடித்துப் பார்த்தேன். ஸ்பேனரால். காதை வைத்துக் கேட்டேன்.

அளவுமானி பழுதாகியிருக்கலாம். சோதனை ஓட்டினேன். பழுதில்லை.

பூஜ்யம்.

நவம்பர் 24, காலை 8.15

காற்று லூப் தடங்கலின்றி ஓடுகிறது. கோப்பு நேற்று மாலைக்குப் பிறகு மாறவில்லை. மாற்ற ஆள் இல்லாத நிரலை இப்போதும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது தேடிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

கரை, இயக்குநர்: "மாதிரிகளின் நிலை குறித்த அறிக்கை இன்னும் வரவில்லை."

கரை, லூர்து: "யக்கா, புயலு ஓஞ்சிட்டு! கப்பல் கெளம்பிட்டு, நானும் வாறேன். நாளைக்கு ஒங்க தலைக்கு மேல நிப்போம். அதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் காத்து போதுமா? ஒரு வார்த்த சொல்லுங்க, இங்க யாரும் சாப்புடக்கூட இல்ல."

கருவியின் முன் உட்கார்ந்திருக்கிறேன்.

அனுப்பினேன்: "போதும்."

அறை இரண்டு: தேவை பூஜ்யம்.
அறை ஐந்து: தேவை உண்டு. வால்வு திறந்தது.
அறை இரண்டு: தேவை பூஜ்யம்.
அறை ஐந்து: தேவை உண்டு. வால்வு திறந்தது.
அறை இரண்டு: